ஒரு ஊசி அதிகம்

1971 அக்டோபர் 24

இது எண்பது பக்க நோட்டு. போன லீவு முடிந்து கிளம்பும்போது மரகதம் பெட்டியில் வைத்தாள். "கடுதாசிய பிரிச்சுப் படிக்கறாங்கன்னு சொல்றே இல்ல? அதுல எழுத முடியாதத இதுல எழுதி, அடுத்த லீவுல எடுத்தாந்து என் கையில குடு" என்றாள். களத்தில் டைரி எழுதக் கூடாது என்று உத்தரவு. ஹவில்தார் துளசிங்கம் நான் எழுதுவதைப் பார்த்துவிட்டார். "இன்னா கோதண்டம், மளிகை லிஸ்ட்டா?" என்று கேட்டார், பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். நல்ல மனிதர்.

நாங்கள் இருப்பது பஞ்சாபில், எல்லைக்கு இரண்டு மைல் இந்தப் பக்கம். கோட்லி மான் என்று ஊர். ஜனங்களைப் பின்னால் அனுப்பியாகிவிட்டது. நாய்கள் மட்டும் போகவில்லை. கால்வாய்க் கரையை ஒட்டி மோர்ச்சா வெட்டுகிறோம். பதுங்கு குழிக்கு இங்கே அதுதான் பெயர். நின்றால் கண் மட்டும் மேலே தெரிய வேண்டும், அந்த ஆழம். இன்று முப்பத்தெட்டு அடி நீளம் வெட்டினோம். உள்ளங்கையில் நாலு கொப்புளம்.

எதையும் எண்ணாமல் விடமாட்டேன் என்று மரகதம் கேலி செய்வாள். பட்டாளத்தில் சாப்பரை வளர்க்கும் விதம் அப்படி. வெட்டுவதும் புதைப்பதும் எண்ணுவதும்தான் எங்கள் தொழில்.

அக்டோபர் 29

என் மோர்ச்சாவில் என்னோடு கலியமூர்த்தி. மன்னார்குடிப் பக்கம். என்னைவிட மூன்று வருஷம் சீனியர். ஆனாலும் வெறும் சாப்பர். வாய் சும்மா இருக்காததால் பதவி உயர்வு வந்து வந்து திரும்பிப் போகிறது. எனக்குக் கையில் ஒற்றைப் பட்டை, லான்ஸ் நாயக். அதைப் பார்க்கும்போதெல்லாம் சலாம் அடித்துக் காட்டுவான்.

"அய்யா பெரிய அதிகாரி. அய்யா மம்பட்டி புடிக்கலாமா?"

"புடிக்கலாம். நீ வாய மூடிகினு வெட்டு."

"மூடிகினு! இந்தப் பாஷய கேக்கத்தான் நான் பஞ்சாப் வந்தேன்."

காலை ஐந்து பூரி, உருளைக்கிழங்கு. அரிசி கண்ணில் படாமல் ஒன்பது நாள்.

நவம்பர் 3

கண்ணிவெடி புதைத்தோம். மோர்ச்சாவுக்கு முன்னால் முக்தியார் சிங் என்பவருடைய வயல். கோதுமைக்கு உழுது போட்டிருந்தார். விதைக்குமுன் ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டோம். மண் பொதபொதவென்று நல்ல பதமாக இருந்தது. அவருக்கு உழுதது எங்களுக்கு உதவியது. இதை நினைத்தால் நன்றாக இல்லை.

மரகதத்துக்குப் புரிய எழுதுகிறேன். இது டாங்கியைத் தடுக்கிற வெடி. மனிதன் மேலே நடந்தால் ஒன்றும் ஆகாது. கனமான வண்டி ஏறினால் போச்சு. கால்வாய்ப் பக்கம் வரிசைக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, அதிலிருந்து ஐந்து கஜக் கயிற்றைப் பிடித்து, கயிறு முடிகிற இடத்தில் முதல் வெடி. அங்கிருந்து கயிறு பிடித்து அடுத்தது. வரிசைக்குப் பதினெட்டு, பத்து வரிசை, மொத்தம் நூற்றெண்பது. ஒவ்வொன்றிலும் ஒரு பாதுகாப்பு ஊசி உண்டு. புதைத்ததும் அதை உருவினால்தான் வெடிக்கு உயிர் வரும். உருவிய ஊசிகளைப் பால்பவுடர் டப்பாவில் போட்டு, கடைசியில் எண்ணுவோம். எத்தனை ஊசியோ அத்தனை வெடி மண்ணுக்குள். வரைபடத்தில் அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். பின்னால் தோண்டி எடுப்பவன் அந்தத் தாளை நம்பித்தான் வயலில் இறங்குவான்.

நான் எண்ண, கலியன் புதைக்க, இரண்டு பேர் பெட்டி சுமக்க, ஆறு வரிசை முடிந்தது. ஏழாவதுக்குக் கயிறு பிடிக்கும்போது கேப்டன் நேகி சாகிப் என்னைக் கூப்பிட்டார். "போய்ட்டு வா, ஒரு வரிசைய நானே பாத்துக்கறேன்" என்றான் கலியன். திரும்பி வந்தபோது ஏழு முடிந்து, டப்பாவை எட்டாவது முளையில் வைத்துவிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான். மீதி மூன்றையும் நான் எண்ணினேன்.

கடைசியில் ஊசியை எண்ணினால் நூற்று எண்பத்தொன்று.

மறுபடி எண்ணினேன். நூற்று எண்பத்தொன்று. மிச்சப் பெட்டிகளை எண்ணிச் சரிபார்க்கலாம் என்றால் லாரி அவற்றை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கேப்டன் சாகிப் ஜீப்பில் உட்கார்ந்து தாளுக்குக் கை நீட்டினார்.

நேற்று இதே டப்பாவைப் பக்கத்துக் கம்பெனி வைத்திருந்தது. அவர்கள் ஊசி ஒன்று அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். வேறெப்படி வரும்? 180 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கூடுதல் ஊசி சட்டைப் பையில் இருக்கிறது. ஓர் ஊசியைக் கொடுத்துப் பத்து வரிசையையும் தோண்டிப் பார்க்கச் சொன்னால் துளசிங்கம் என்னையே புதைத்துவிடுவார்.

நவம்பர் 4

பக்கத்துக் கம்பெனி ஆளிடம் சும்மா கேட்டேன். டப்பாவைக் கழுவித்தான் கொடுத்தார்களாம். கழுவினால்கூட ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

நவம்பர் 17

முக்தியார் சிங் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சைக்கிளில் பன்னிரண்டு மைல் மிதித்து வந்து, முள்கம்பி வேலிக்கு வெளியே நின்று தன் வயலைப் பார்த்தார். எங்களுக்கு ஒரு தூக்கு மோர், துணியில் கட்டிய வெல்லம். நான் அரைகுறை இந்தியில் பேசினேன். புது டிராக்டர் வாங்கி ஒரே ஒரு உழவுதான் உழுதாராம். "ஃபௌஜி பாய், நீங்கள் விதைத்ததை நீங்களே அறுத்துக்கொண்டு போய்விடுவீர்கள்தானே?" என்று கேட்டார்.

கலியன் தனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையில், "ஏக் ஏக். பூரா" என்றான். ஒன்றுவிடாமல், முழுசாக.

நான் வெல்லம் தின்றேன். நல்ல வெல்லம்.

நவம்பர் 28

பனி. பத்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரிவதில்லை. மோர்ச்சாவின் அடியில் தண்ணீர் ஊறுகிறது. காலையில் தகர டப்பாவால் அறுபத்திரண்டு முறை மொண்டு ஊற்றினேன். கலியனுக்குக் காலில் வெடிப்பு. மரகதம் அனுப்பிய ரசப்பொடியைச் சுடுதண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். "உன் பொண்டாட்டி கையிக்கு மோதிரம் போடணும்டா" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். காரத்துக்குக் கண்ணில் தண்ணீர்.

மரகதத்துக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு வைத்துவிட்டார்களாம். பிப்ரவரியில் பிறக்கும். பிப்ரவரி பத்திலிருந்து லீவு கேட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். நாயக் பதவிக்கான லிஸ்ட்டில் என் பெயர் இருப்பதாக ஹவில்தார் சொன்னார். இரண்டாவது பட்டை. மாமனார் அதற்குப் பிறகாவது என்னை மனிதனாக மதிப்பார்.

டிசம்பர் 3

சண்டை வந்துவிட்டது. சாயங்காலம் விமானங்கள் தலைக்குமேல் போயின. ரேடியோவில் சொன்னார்கள்.

டிசம்பர் 5

நேற்றும் இன்றும் பீரங்கி. குண்டு வருவதற்கு முன் துணி கிழிகிற மாதிரி சத்தம் கேட்கும். கேட்டால் குனிவதற்கு நேரமுண்டு. நேற்று எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டேன். நான் எண்ணுவதை விட்டது இதுதான் முதல் முறை. எனக்குப் பயமாக இருந்தது. கலியனுக்கும்தான், அவன் இரண்டு நாளாகக் கேலி பேசவில்லை.

வயலில் சில குண்டுகள் விழுந்து எங்கள் வெடிகள் ஏழெட்டு சேர்ந்தே வெடித்தன. தேங்காய் அளவு மண்கட்டிகள் மோர்ச்சாவுக்குள் விழுந்தன.

டிசம்பர் 8

காலையிலிருந்து அமைதி. டீ இரண்டு முறை வந்தது. வெயிலும் வந்தது. காலுறையைக் கழற்றி மண்மூட்டைமேல் காயப் போட்டோம். கலியனுக்கு வாய் திரும்பிவிட்டது. இந்நேரம் ஊரில் சம்பா பால் பிடித்திருக்கும், பொங்கலுக்கு அறுப்பு என்று ஆரம்பித்தான். அவன் அப்பா களத்தில் நெல் அளக்கிறவர். ஊரில் யார் களமானாலும் மரக்கால் அவர் கையில்தானாம்.

"எண்ணிக்கையில ஒரு மணி பெசகாது. லாபம்னு தொடங்குனார்னா முடியிறவரைக்கும் யாரும் குறுக்க பேசப்படாது" என்றான்.

"எங்க ஊர்லயும் அப்டித்தான். ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. லாபம், ரெண்டு, மூணுன்னு போவாங்க" என்றேன்.

"ரெண்டா? லாபத்துக்கு அப்புறம் எப்படிடா ரெண்டு வரும்?"

"லாபம்தானடா ஒண்ணு."

"போடா வெளங்காதவனே. லாபம் சாமிக்கு. மொத மரக்கால அளந்து, களத்து மூலையில தனியா கொட்டி வச்சிப்புடுவோம். அது கணக்குல வராது. அப்புறந்தான் ஒண்ணு. சாமி பங்க எடுத்து ஒன் கணக்குல சேத்துக்குவியா? ஒங்க வடக்கத்தி ஆளுங்களுக்கு வயிறு பெருசு!"

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கேட்டேன்: "வெடி பொதைக்கறப்போ எப்டி எண்ணினே? அன்னிக்கி ஏழாவது வரிசை?"

"எதுவானா என்ன? மண்ணுல கைய வச்சா லாபந்தான் மொதல்ல. கையே அப்படித்தான் போவும்."

அவன் காலுறையைத் திருப்பிப் போட்டான். நான் சட்டைப் பையில் ஊசியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஏழாவது வரிசையில் பத்தொன்பது இருக்கிறது. டப்பா கழுவித்தான் வந்திருக்கிறது.

டிசம்பர் 9

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் இப்போதே வேலியைத் தாண்டி ஓடுவான். சண்டை நடக்கும்போது ஒரு வெடி அதிகம் இருந்தால் எதிரிக்குத்தான் கேடு. முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் போய் அதையும் எடுத்துவிடுவோம். யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

டிசம்பர் 11

கலியமூர்த்தி செத்துப்போனான். காலை ஒன்பதரை மணி.

டிசம்பர் 13

டீ வாங்கப் போனான். என் டீக் குவளையையும் அவன்தான் எடுத்துக்கொண்டு போனான். அது என் முறை. கால் வெடிப்போடு அவன் ஏன் போனான் என்றால், நான் நோட்டு எழுதிக்கொண்டிருந்தேன். "நீ கத எழுது, நான் போறேன்" என்றான். கரையில் திரும்பும் இடத்தில் குண்டு விழுந்தது. துணி கிழிகிற சத்தம் எனக்குக் கேட்டது. கத்தினேன். அவனுக்குக் கேட்டிருக்காது.

பத்தாம் தேதிப் பக்கம் இந்த நோட்டில் இல்லை. அன்று எழுத எடுத்ததைத்தான் முடிக்காமல் வைத்து, மறுநாள் காலையில் தொடர்ந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அதில் என்ன இருந்தது என்றால், பூரி எத்தனை தின்றேன் என்று இருந்தது.

நானும் துளசிங்கமும் தூக்கிப் போனோம். ஹவில்தார் அழுதார். நான் மூன்று நாளாக அவன் காலுறையைக் காயப் போட்டு எடுத்து வைக்கிறேன்.

டிசம்பர் 17

சண்டை நின்றது. ரம் கொடுத்தார்கள். எல்லோரும் கட்டிக்கொண்டார்கள். நானும் கட்டிக்கொண்டேன்.

1972 ஜனவரி 9

கேப்டன் சாகிப் கலியன் வீட்டுக்குக் கடிதம் எழுதினார். தமிழில் எழுதச் சொல்லி என்னிடம் கொடுத்தார். 'தங்கள் மகன் தன் வேலையில் ஒரு பிழையும் செய்யாத சாப்பர்' என்று ஒரு வரி. எழுதினேன். இரண்டு தாள் வீண்.

ஜனவரி 24

எங்கள் பிளட்டூனை இருபது மைல் வடக்கே மாற்றிவிட்டார்கள், பாலம் கட்ட. கோட்லி மான் வயலின் வெடிகளை எடுக்கிற வேலை மூன்றாவது பிளட்டூனுக்கு. என் தாளை வைத்துத்தான் எடுப்பார்கள்.

என்னைக் கேட்டால், வரிசைக்குப் பதினெட்டு எடுத்த பிறகும் அவர்கள் இரும்புச் சலாகையால் நாலு புறமும் குத்திப் பார்ப்பார்கள். நல்ல ஆட்கள்.

பிப்ரவரி 2

லீவு சாங்ஷன் ஆகிவிட்டது. பத்தாம் தேதி ரயில். நாயக் லிஸ்ட்டில் என் பெயர் மூன்றாவது. ஹவில்தார் இனிப்பு கேட்டார்.

ரேஷன் லாரியோடு வந்த மூன்றாவது பிளட்டூன் டிரைவர் சொன்னது: கோட்லி மானில் நூற்று அறுபத்திரண்டு எடுத்தார்களாம். மீதிப் பதினெட்டு குண்டு விழுந்து வெடித்ததற்குப் பள்ளங்கள் இருக்கின்றன, கணக்கு நேர் என்று எழுதிவிட்டார்களாம். திங்கட்கிழமை வயலை ஒப்படைக்கிறார்கள். கரும்பு நடவேண்டும் என்று அந்த சர்தார் தினமும் வந்து உயிரை எடுக்கிறாராம்.

கணக்கு நேர்.

பிப்ரவரி 4

சொல்லலாம் என்று காலையில் கேப்டன் சாகிப் கூடாரம்வரை போனேன். சொன்னால், ஏழாவது வரிசையைத் தப்பாகப் போட்டது யார் என்று கேட்பார்கள். செத்தவன் பெயர் கெடும். அவன் அம்மாவிடம் போன கடிதம் பொய்யாகும். திரும்பி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 5

நேற்று எழுதியது பொய். மரகதம், நீ படிக்கிற நோட்டில் பொய் எழுதக் கூடாது. கலியன் பெயருக்காக நான் திரும்பவில்லை. ஊசி கையில் இருந்தும் 180 என்று கையெழுத்துப் போட்டவன் நான். இருக்கிற பட்டையைப் பிடுங்குவார்கள். லீவு போகும். விசாரணை வைப்பார்கள். நீ வலி எடுத்துக் கிடக்கும்போது நான் வராமல் போவேன். இதற்காகத்தான் திரும்பினேன்.

அந்த மனிதர் டிராக்டர் ஓட்டுவார். வண்டி ஏறினால் போச்சு என்று நானே நவம்பர் மூன்றாம் தேதிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 7

நேற்று ஞாயிறு, கேப்டன் சாகிப் பிரிகேடுக்குப் போயிருந்தார். இன்று விடிந்ததும் போனேன். ஊசியை மேஜைமேல் வைத்தேன். மூன்று மாதம் பையில் கிடந்து தேய்ந்து பளபளவென்று இருந்தது. ஆதியிலிருந்து சொன்னேன். லாபத்தையும் சொன்னேன்; இந்தியில் அதைச் சொல்லி விளங்கவைப்பதற்குள் வேர்த்துவிட்டது.

அவர் கத்தவில்லை. "ஒப்படைப்பு இன்றைக்கு. ஜீப்பில் ஏறு" என்றார்.

இருபது மைல். போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. முன்பக்கம் கால்வாய் ஓரத்தில் வேலியைப் பிரித்துச் சுருட்டியிருந்தார்கள். முக்தியார் சிங் சிவப்பு டிராக்டரோடு நின்றார். என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த இன்னொரு தம்பி எங்கே?" என்று கேட்டார். நான் மேலே கையைக் காட்டினேன். அவர் தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டார்.

பதினெட்டுக்குப் பிறகு பத்தொன்பது. ஏழாவது வரிசையின் கடைசியில், தூரத்துக் கோடியில்தான் அது இருக்கும் என்று சாகிப்பிடம் சொல்லியிருந்தேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. "அந்தக் கோடியில் ஒரு வேலை பாக்கி. அந்தப் பக்கம் வராதீர்கள்" என்று சாகிப் முக்தியார் சிங்கிடம் சொல்லிவிட்டு என்னோடு நடந்தார். பதினெட்டாவதைத் தோண்டிய குழியிலிருந்து கயிறு பிடித்தேன். குப்புறப் படுத்து, சலாகையைச் சாய்த்து, இரண்டு அங்குலத்துக்கு ஒரு குத்து. மண். மண். கல். மண். அரை மணி நேரம். ஒரு கஜம் இடது பக்கம், ஒரு கஜம் வலது பக்கம். ஒன்றுமில்லை.

"உன் கூட்டாளி உண்மையிலேயே கூடுதலாகப் புதைத்தானா?" என்று கேட்டார் சாகிப்.

அப்போது எனக்குப் பின்னால் டிராக்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. அக்டோபரிலிருந்து காத்திருக்கிற மனிதர். அந்தக் கோடிதானே பாக்கி, இந்தக் கோடியில் தொடங்குவோம் என்று தொடங்கிவிட்டார். அதில் தப்பு ஒன்றுமில்லை என்று சாகிப்பும் சும்மா இருந்தார். நானும்தான் அடுத்த குத்துக்குச் சலாகையை வைத்தேன்.

முதல் மரக்கால். களத்து மூலையில். தனியாக.

அவன் கடைசியில் வைக்கவில்லை. கயிறு பிடிப்பதற்கு முன்னாலேயே, முளைக்குச்சியின் காலடியிலேயே லாபத்தை வைத்துவிட்டு, அப்புறம்தான் ஒண்ணு, ரெண்டு என்று போயிருக்கிறான். முளை கால்வாய் ஓரத்தில், வேலியைப் பிரித்த வழியில்.

ஓடினேன். தொண்ணூற்றைந்து கஜம். "ரோக்கோ" என்று இந்தியில் நிறுத்தச் சொல்லிக் கத்த வேண்டும். எனக்கு வந்த வார்த்தை அது இல்லை. "லாபம்! லாபம்!" என்று கத்திக்கொண்டே ஓடினேனாம், சாகிப் பிறகு சொன்னார். முக்தியார் சிங்குக்கு இன்ஜின் சத்தத்தில் அதுவும் கேட்கவில்லை. கலப்பையை இறக்குவதற்காகத் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார். முளை பிடுங்கிய பொந்து தெரிந்தது. அதன்மேல் போய் நின்று இரண்டு கையையும் தூக்கினேன்.

மனிதன் கனத்துக்கு வெடிக்காது என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அது ஞாபகம் இல்லை. நான் செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் திரும்பிப் பார்த்து பிரேக்கை மிதித்தார். டிராக்டரின் மூக்கு என் மார்பில் இடித்து நின்றது. நான் மல்லாக்க விழுந்தேன். முன்சக்கரம் பொந்துக்கு ஒரு முழம். அவர் பஞ்சாபியில் என் வம்சத்தையே திட்டினார். சாகிப் மூச்சிரைக்க வந்து அவரை இழுத்து இறக்கினார். நான் எழுந்து, குப்புறப் படுத்து, பொந்தின் பக்கத்தில் கையால் மண்ணை விலக்கினேன். நாலு அங்குலத்தில் தகடு தட்டுப்பட்டது.

முக்தியார் சிங் திட்டுவதை நிறுத்தினார். வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

சாகிப் பையிலிருந்து ஊசியை எடுத்துக் கொடுத்தார். அது அந்தத் துளைக்குள் தடையில்லாமல் போனது.

பிப்ரவரி 8

எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். ஏழாவது வரிசையைப் புதைத்தது யார் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். கேப்டன் சாகிப் தாளைப் படித்து, என்னைப் பார்த்து, மறுபடி தாளைப் பார்த்தார். "அப்படியே இருக்கட்டும்" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும்.

பிப்ரவரி 15

பட்டை போயிற்று. நானே பிரித்தேன், நூல் போன இடம் சட்டையில் கரும்பச்சையாகத் தெரிகிறது. ஒரு மாதம் லீவு கிடையாது. ஹவில்தார் துளசிங்கம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "பொறம்போக்கு, அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா ராவோட ராவா தோண்டியிருப்பனேடா" என்று கத்தினார். கத்தியது ஆறுதலாக இருந்தது.

தந்தி வந்தது. பெண் குழந்தை. இருவரும் நலம். ஒன்பதாம் தேதி பிறந்திருக்கிறாள். தந்தியைப் பதினோரு முறை படித்தேன்.

சாயங்காலம் முக்தியார் சிங் சைக்கிளில் இருபது மைல் வந்தார். வெல்லம், ஐந்து சேர். மார்பு வலிக்கிறதா என்று என் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். நீலம் கட்டியிருந்தது. அவர் கண் கலங்கியது. என்னைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டார். நான்தான் உங்களிடம் கேட்க வேண்டும் என்று சொல்ல நினைத்தேன். என் இந்திக்கு அது எட்டவில்லை.

மார்ச் 22

லீவு. வீட்டுக்குப் போகுமுன் மன்னார்குடிப் பக்கம் கலியன் வீட்டுக்குப் போனேன். அவன் பெட்டியை ஒப்படைத்தேன். துவைத்த காலுறையும் அதில் இருந்தது.

அவன் அப்பா களத்தில் இருந்தார். தாளடி அறுப்பு முடிந்து தூற்றிக் குவித்திருந்தார்கள். மகன் போனதிலிருந்து அவர் மரக்காலைத் தொடவில்லையாம். இன்றைக்குத்தான் முதலாக எடுத்தார் என்று அவன் அம்மா சொன்னார். கிழக்கே பார்த்து நின்று, மரக்காலைக் குவியலில் முக்கி எடுத்தார். "லாபம்" என்றார். ஏழெட்டு அடி நடந்து போய்க் களத்து மூலையில் கொட்டிவிட்டு வந்தார். பிறகு, "ஒண்ணு."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வரப்பில் போய் உட்கார்ந்து அழுதேன். அம்மா பின்னாலேயே வந்தார். கடிதத்தை மடித்து மடியிலேயே வைத்திருந்தார்.

"தம்பி, இதுல பெரிய தொர என்னமோ எழுதியிருக்காரு. படிச்சுக் காட்டுனாங்க. ஒப்புக்கு எழுதுவாங்களாமே, எல்லாருக்கும். நீங்க கூடவே இருந்தவுக. சொல்லுங்க. எம் புள்ள வேலைய ஒழுங்கா செஞ்சானா?"

"அவன் எண்ணினது சரிதாம்மா," என்றேன். "நான்தான் தப்பா எழுதிட்டேன்."

அவருக்கு அது புரிந்திருக்காது. ஆனால் தலையை ஆட்டிக்கொண்டார், ரொம்ப நேரம். பிறகு எனக்குக் குழந்தை பிறந்ததைக் கேட்டார். என்ன பெயர் என்று கேட்டார். இன்னும் வைக்கவில்லை என்றேன். எழுந்து போய், மூலையில் கிடந்த நெல்லை ஒரு மணி விடாமல் கூட்டி அள்ளி என் பையில் கொட்டினார்.

"அய்யோ, சாமிக்குன்னு வச்சதும்மா."

"சாமி ஒண்ணும் சொல்லாது. கணக்குல வராதது இது. புள்ளைக்குக் கஞ்சி வச்சுக் குடுக்கச் சொல்லுங்க."

பஸ்ஸில் கூட்டம். பையை மேலே வைக்கச் சொன்னார்கள். நான் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.